நீ பார்த்துதான் விட்டிருப்பாய்

தம்பி,

சனிக்கிழமை விருந்தில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னாய். "பெருசா ஒண்ணும் வேணாம்ப்பா. என்னை எப்படி வளத்தீங்கன்னு ரெண்டு நிமிஷம் பேசுங்க, போதும்" என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். பதவி உயர்வு வாங்கிச் சிங்கப்பூருக்குப் போகிற மகனை வாழ்த்திப் பேச எந்த அப்பனுக்கும் வாய் வலிக்காது. நானும் சரி என்றேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அலமாரிக் கதவில் மாட்டிக்கூட வைத்துவிட்டேன். பிறகு செவ்வாய்க்கிழமை காலை என் கைப்பேசியில் ஒன்றைப் பார்த்தேன். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு முன் சொல்லவேண்டியவை சில பாக்கி இருக்கின்றன. உனக்கு மட்டும் எழுதினால் நீ படித்துவிட்டு, "அப்பாவுக்கு அம்மா போன துக்கம்" என்று மடித்து வைத்துவிடுவாய். அதனால் என் பழைய பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கும் இதையே அனுப்புகிறேன். உன் பெயரையும் உன் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. அது மட்டும் உனக்கு நான் செய்கிற தயவு.

வாசிக்கிறவர்களுக்காக உன் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லாரும் கைப்பேசியில் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார்களே, அந்தப் பெரிய கம்பெனிகளில் ஒன்றில் நீ இருக்கிறாய். எந்தச் சாமானுக்கு அங்கே விளம்பரம் போடலாம், எதற்குப் போடக்கூடாது என்று விதி எழுதுகிற குழுவில் ஆறு வருடம் வேலை செய்தாய். இனி அந்தக் குழுவுக்கே தலைவன். உன் அம்மாவுக்கு இந்த விவரமெல்லாம் நீளம். அவள் அதைச் சுருக்கிக்கொண்டாள். கிள்ளான் பாசாரில் மீன் வெட்டுகிறவரிலிருந்து கோயிலில் பூக்கட்டுகிற அக்கா வரைக்கும் அவள் சொன்னது ஒன்றுதான்: "போன்ல விளம்பரம் வருதுல்ல, அதெல்லாம் என் மவன் பாத்துதான் விடறான்." நீ ஒருமுறை அவளைத் திருத்தப் பார்த்தாய். "அம்மா, ஒரு நாளைக்கு எத்தன விளம்பரம் வரும் தெரியுமா, நான் எப்படி பாக்கறது" என்றாய். அவள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். உன் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

அவள் அப்படி நம்பியதற்குக் காரணம் நான். இருபத்தாறு வருடம் பிரிக்பீல்ட்சில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் விளம்பரக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். முதலில் பஸ், பிறகு கொமுட்டர் ரயில், கிள்ளானிலிருந்து தினமும் போய்வந்தேன். கண்ணீர் அஞ்சலி, வீடு வாடகைக்கு, மணமகள் தேவை, எல்லாம் என் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். வாசித்து, தப்பு இருந்தால் திருத்தி, ஓரத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டுக் கொடுத்தால்தான் அச்சகத்துக்காரர் வாங்குவார். யாராவது ஒரு மனிதன் பார்க்காமல் ஒரு விளம்பரம் வெளியே போகாது என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். ஓய்வு பெற்ற பிறகும் இந்த நினைப்பு மாறவில்லை. காகிதத்திலிருந்து கைப்பேசிக்கு மாறியிருக்கிறார்கள், ஓரத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள் மட்டும் எங்கோ குளிரூட்டிய அறையில் இருப்பான் என்றே நினைத்தேன். அந்த ஆள் என் மகன் என்று நினைத்துப் பெருமையும் பட்டேன்.

ஆனால் அந்தக் கையெழுத்து எவ்வளவு யோக்கியமானது என்பதையும் சொல்லவேண்டும். நீ நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்த வருடம், பந்திங் பக்கத்திலிருந்து ஒரு பெண் இரண்டு பஸ் மாறி என் கவுண்டருக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு கையில் காலி பாட்டில், இன்னொரு கையில் எங்கள் பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டு. குழந்தை வரம் தரும் மருந்து என்ற விளம்பரம். வாரத்துக்கு இரண்டு தரம் வருவது. "அண்ணே, இது ஒங்க பேப்பர்ல வந்ததுதான? நாலு பாட்டில் குடிச்சிட்டேன். வயித்துவலிதான் வருது. அந்த ஆளு போன எடுக்க மாட்டேங்கறான்" என்றாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாங்க போடறது மட்டும்தாம்மா. விக்கிறது அவங்க. அவங்ககிட்டதான் கேக்கணும்" என்றேன். அவள் சண்டை போடவில்லை. "எனக்கு அவங்கள தெரியாதுண்ணே. ஒங்க பேப்பரத்தான் தெரியும்" என்று சொல்லி, அந்தத் துண்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள், ஏன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த விளம்பரத்தை நிறுத்தவில்லை. மானேஜரிடம் போய், விளம்பரப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போடலாம் என்று யோசனை சொன்னேன். "விளம்பரங்களில் காணப்படும் தகவல்களுக்கு நிர்வாகம் பொறுப்பேற்காது." அந்த வரியை எழுதியவன் நான்தான். எறும்பு அளவு எழுத்தில் போடச் சொன்னதும் நான்தான். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் இதை ஒரு வீரப்பிரதாபம்போல உங்களிடம் சொன்னேன். வாடிக்கையாளரை எப்படிச் சமாளிக்கவேண்டும் என்பதற்குப் பாடம். நீ ரசித்துக் கேட்டாய். உன் அம்மா மட்டும், "பாவங்க அந்தப் பொண்ணு. உள்ள கூப்ட்டு ஒரு தண்ணியாச்சும் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். கொடுக்கவில்லை. வருடங்கள் கழித்து இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்து, "நம்ம பேப்பர் கதையத்தான்ப்பா சொன்னேன், போடறது வேற, விக்கிறது வேறன்னு. அவங்களுக்கு ரொம்ப புடிச்சிருச்சு" என்றாய். பிடிக்காமல் என்ன? நான் காது குளிரக் கேட்டேன்.

சரி, உன் அம்மாவின் கதைக்கு வருகிறேன். பதினான்கு வருடமாக அவளுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. மாத்திரை, கிளினிக், விரலில் ஊசி குத்திப் பார்ப்பது என்று ஒழுங்காகத்தான் இருந்தாள். ஒரு தீபாவளிக்கு முன்பு கால் எரிச்சல் தாங்காமல், கைப்பேசியைப் பார்த்து வாயால் கேட்டாள்: "கால் எரிச்சல் எதனால வருது?" அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் கைப்பேசி முழுக்க வேர்ப்பொடி. தமிழில் பேசுகிற விளம்பரம், நம் ஊர்த் தமிழில். இரண்டு மாதத்தில் இனிப்புநீர் வேரோடு போய்விடும், மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள் என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் பேசினான். அவள் என்னிடம் காட்டி, "என்னங்க, இதெல்லாம் நம்ம தம்பி பாத்துதான விடுவான்?" என்று கேட்டாள். நான் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பின்ன? யாரோ ஒருத்தன் கையெழுத்து போடாம எப்படி வரும்?" என்றேன். இருபத்தாறு வருட அனுபவம் பேசியது. என் மகன் உட்கார்ந்திருக்கிற வாசலைத் தாண்டி விஷம் வராது என்று இரண்டு பேரும் நம்பினோம். ஊரில் வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள், அவர்களுக்கெல்லாம் அங்கே மகன் இல்லை.

பொடி வந்தது. விற்கிறவன் தினமும் குரல்செய்தி அனுப்புவான், "அம்மா, அம்மா" என்று தேன் ஒழுக. "ரெண்டும் சேந்து ஒத்துக்காதும்மா, மாத்திரைய நிறுத்திருங்க" என்றான். நிறுத்தினாள். முதல் மூன்று வாரம் அவள் துள்ளிக்கொண்டிருந்தாள். காலெரிச்சல் குறைந்தது, விரலில் குத்திப் பார்த்தால் எண்ணும் இறங்கியிருந்தது. அந்தப் பொடியில் என்ன கலந்திருந்தது என்று எந்த ஆண்டவனுக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தில்தான் விற்கிறவன் ஒன்று கேட்டான். "ஒங்களுக்கு நல்லா ஆனத ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கம்மா, நாலு பேருக்கு ஒதவும்." நாலு பேருக்கு உதவும் என்றால் உன் அம்மா விடுவாளா? நீ பட்டமளிப்பு விழாவுக்கு எடுத்துக்கொடுத்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். கைப்பேசியைப் பிடித்தது நான். வெளிச்சம் பத்தவில்லை என்று ஜன்னலைத் திறந்ததும் நான். மூன்று தரம் எடுத்து, நன்றாக வந்ததை அனுப்பினோம்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், அதாவது பாதி தெரியும். எண் ஏறியது, ஏறியது இறங்கவேயில்லை. விற்கிறவன் "ஒடம்பு சுத்தமாவுதும்மா, பயப்படாதீங்க" என்றான். கால்விரலில் புண் வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகமும் போயிருந்தது. அந்த இளம் டாக்டர் பெண், "அங்கிள், மாத்திரைய எப்ப நிறுத்துனாங்க?" என்று கேட்டாள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நீ பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஓடிவந்தாய், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் வார்டுக்கு வெளியே நின்று என்னைப் பிடித்துக் கத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? "ஏன்ப்பா வாங்க வுட்டீங்க? ஆன்லைன்ல வர்றதெல்லாம் யாராச்சும் நம்புவாங்களா? நீங்க படிச்சவருதான?" சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரை நம்பி வாங்கினோம் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

சொல்லாததற்குக் காரணம், அதற்கு இரண்டு நாள் முன்பு அவள் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். "தம்பிய நம்பித்தான் வாங்குனேன்னு அவன்கிட்ட சொல்லிறாதீங்க. அவன் மனசு ஒடஞ்சிரும். அவன் பாத்துட்டுத்தான் விட்டிருப்பான், எவனாச்சும் ஏமாத்தியிருப்பான் அவன." காலை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் அவளுக்கு உன் மனசுதான் கவலை. நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அவள் போய் ஏழு மாதமாக, நீ என்னைப் பொறுப்பில்லாத கிழவன் என்று நினைத்துக்கொண்டிருப்பதைத் தாங்கிக்கொண்டேன். இன்றைக்கு அந்தச் சத்தியத்தை உடைக்கிறேன். அவள் மன்னிப்பாளா என்று தெரியாது. அதற்கான காரணம் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது.

அதற்கு முன், உன் வாதங்களை நான் மறைத்துவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. கருமக்கிரியை முடிந்து நீ காடி ஓட்டிக்கொண்டு திரும்பும்போது நீ பொறுமையாக எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாய். உலகத்தில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று தீர்மானிக்க ஒரு கம்பெனி யார், அது அரசாங்கத்தின் வேலை என்றாய். இறுக்கிப் பிடித்தால் சின்ன வியாபாரிகள்தான் சாவார்கள் என்றாய். இதில் நியாயம் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. நம் எதிர்வீட்டு லெட்சுமி அக்கா வீட்டிலேயே கறிவேப்பிலைப் பொடி இடித்து விற்கிறாள். "இனிப்புநீர் உள்ளவர்களும் சாப்பிடலாம்" என்று ஒரு வரி எழுதி விளம்பரம் கொடுத்தாள். உன் கம்பெனி அதைத் தடுத்துவிட்டது, அவள் கணக்கையும் மூடிவிட்டது. அவள் என்னிடம் வந்து, "என்னாண்ணே, நான் என்னா கஞ்சாவா விக்கிறேன்?" என்று அழுதாள். உயிரை வாங்கிய பொடிக்கு ஒரு தடையும் இல்லை. ஏன் என்று உன்னைக் கேட்டேன். "அது மெஷின்ப்பா. எழுத்தப் பாக்கும். அவன் எல்லாத்தயும் வாயால பேசிட்டான். தமிழ்ல பேசறத ஒக்காந்து கேக்க எங்ககிட்ட ஆளில்லலா" என்றாய். கேட்க ஆளில்லை. ஆனால் தமிழில் பேசுகிற விளம்பரத்துக்குக் காசு வாங்க ஆள் இருக்கிறது, தமிழில் கால் எரிகிறது என்று சொன்ன ஒருத்தியைத் தேடிப் பிடித்துக் காட்டவும் மெஷினுக்குத் தமிழ் தெரிகிறது.

இங்கேதான் தம்பி, நீயும் நானும் பிரிகிறோம். நான் கவுண்டரில் போட்டுவிட்ட அந்தக் குழந்தை மருந்து விளம்பரத்தை யார் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகாதவனும் வாசிப்பான், நாலு பிள்ளை பெற்றவளும் வாசித்துவிட்டு அதில் முறுக்கு மடிப்பாள். உன் கம்பெனி அப்படியில்லை. உன் அம்மாவுக்கு வலிக்கிறது என்று அதற்குத் தெரியும். அவள் பேரன் இல்லையே என்று ஏங்குவது தெரியும், எத்தனை மணிக்குத் தனியாக உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பாள் என்று தெரியும். தெரிந்துகொண்டு, அவளிடம் ஆளை அனுப்புகிறது. கையைப் பிடித்து ஒருவனை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு, அவன் திருடினால் எனக்குத் தெரியாது என்பதா? கதவே வைக்கமாட்டோம், யார் வேண்டுமானாலும் வரட்டும் என்கிற கொள்கையும் உங்களிடம் இல்லை. துப்பாக்கி விளம்பரம் வராது, சிகரெட் வராது, உன் முதலாளிகளுக்கு வழக்கு வரும் என்றால் எதுவும் வராது. கதவு இருக்கிறது, காவலும் இருக்கிறது. கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் இருக்கிற கிழவிக்காக அந்தக் காவலை எழுப்பவேண்டாம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவை எடுக்கிற நாற்காலியில்தான் நீ இனி உட்காரப்போகிறாய்.

கம்பெனிகள் உலகத்துக்கே நாட்டாமை செய்யட்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அது பயம்தான், லெட்சுமி அக்காவைப் பார்த்த பிறகு இன்னும் பயம். உடம்புக்குள் போகிற ஒன்றை விற்கிறவனிடம், நீ யார், எங்கே இருக்கிறாய், யார் சோதித்தது என்று மூன்று கேள்வி கேட்கட்டும். எந்த மொழியில் காசு வாங்குகிறார்களோ அந்த மொழியில் ஒரு மனிதன் உட்கார்ந்து கேட்கட்டும். கேட்டுவிட்டு, ஓரத்தில் தன் பெயரைப் போடட்டும். அதற்கு நேரம் ஆகும், லாபம் குறையும். குறையட்டும். நான் அன்றைக்கு ஒரு விளம்பரத்தை நிறுத்தியிருந்தால் பத்திரிகை ஒன்றும் மூழ்கியிருக்காது. என் மானேஜர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். அந்த இரண்டு நாள் முகத்துக்குப் பயந்துதான் நான் பந்திங்காரப் பெண்ணை வாசலில் நிற்கவைத்துப் பேசி அனுப்பினேன்.

இப்போது செவ்வாய்க்கிழமை. பசியாறிவிட்டு, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போகுமுன் கைப்பேசியை எடுத்தேன். கொஞ்ச நாளாக எனக்கும் கால் மரத்துப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றித் தேடிப் பார்த்திருந்தேன். அதே வேர்ப்பொடி வந்தது. பெயரை மாற்றியிருக்கிறார்கள், டப்பாவின் நிறத்தையும் மாற்றியிருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டுக்காரன் போய்விட்டான். அவனுக்குப் பதில் நம் சமையலறை வாசல். ஜன்னல் திறந்திருக்கிறது. மாம்பழ நிறச் சேலையில் உன் அம்மா நிற்கிறாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கிறேன். வெட்கம் கெட்டதைச் சொல்கிறேன், முதல் தரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலு தரம் பார்த்த பிறகுதான் கீழே "இப்போதே வாங்குங்கள்" என்ற பொத்தான் கண்ணில் பட்டது.

புகார் கொடுக்கிற இடத்தைத் தேடிப் புகார் கொடுத்தேன். இவர் என் மனைவி, இறந்துவிட்டார், இந்தப் பொடியால்தான் இறந்தார் என்று எழுத இடமே இல்லை. அவர்கள் கொடுத்த ஐந்தாறு காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தேர்ந்தெடுத்தேன். மாலைக்குள் பதில் வந்தது. இந்த விளம்பரம் எங்கள் விதிகளை மீறவில்லை, விருப்பமில்லையென்றால் நீங்கள் இதை மறைத்துக்கொள்ளலாம் என்று. மூன்று நாளில் ஐந்து தரம் கொடுத்தேன், ஐந்து தரமும் அதே பதில். அந்த விதிகளை எழுதியவர்களில் நீ ஒருவன். நான் எழுதிய எறும்பு எழுத்து வரிக்கும் உங்கள் பதிலுக்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. அதனால் உன்னை ஏசுகிற ஒவ்வொரு வார்த்தையும் என் மேலும் விழுகிறது என்று எனக்குத் தெரியும்.

பதவி உயர்வு வந்த அன்று இணையத்தில் நீ எழுதியதை லெட்சுமி அக்காவின் மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். இது அம்மாவுக்குச் சமர்ப்பணம், அவர் என் வேலையை எப்போதும் நம்பினார் என்று எழுதியிருந்தாய். எவ்வளவு நம்பினாள் என்று இப்போது உனக்குத் தெரியும். நான் சனிக்கிழமை வரமாட்டேன். சட்டையை அலமாரிக்குள் எடுத்து வைத்துவிட்டேன். பேசுவதற்கு உன் அம்மா இருக்கிறாள், யாரோ ஒரு வீட்டில் கால் எரிகிற யாரோ ஒருத்தியிடம் இந்த நிமிஷமும் பேசிக்கொண்டிருக்கிறாள். நீ சிங்கப்பூர் போய் முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த விளம்பரத்தைத் தேடிப் பார். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேள், உன் மெஷினுக்குத்தான் கேட்காது, உனக்குத் தமிழ் தெரியும். கடைசியில் அவள் கைகூப்பிச் சிரிப்பாள். அதற்கு முன் அவள் சொல்வது இதுதான்:

"பயப்படாம வாங்குங்க. என் மவன் இந்த விளம்பரமெல்லாம் வர்ற கம்பெனிலதான் வேல செய்றான். அவன் பாக்காம எதயும் விட மாட்டான்."